எழுபத்திரண்டு கதவுகள்

“ஏம்மா, பதினேழாம் நம்பர் படத்துல என்ன இருக்குன்னு என்னையே கேக்கறியே, உனக்குக் கண்ணு எங்கே போச்சு?”

“இருந்தா உங்களை ஏன் ஐயா தொந்தரவு பண்றேன்? சொல்லுங்க,” என்று போனில் சிரித்தாள் வலைத்தளம் செய்கிற பெண்.

வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு என்று நினைத்துக்கொண்டார் கதவுக்காரர்.

இடித்த வீடுகளின் கதவுகளை வாங்கிச் செப்பனிட்டு விற்பவர் அவர். கொட்டகையில் எழுபத்திரண்டு கதவுகள் சாய்ந்து நின்றன. விற்பனைக்கு வரும் கதவுகளின் படங்களைப் போடப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு யாரோ ஒருவன் வலைத்தளம் செய்து கொடுத்திருந்தான். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் தேடி வந்தார்கள். இப்போது எல்லாரும் செல்போனில் பார்க்கிறார்கள். அதில் திறந்தால் கதவுகள் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும், பாதி எழுத்து திரைக்கு வெளியே போய்விடும். போன வாரம் கொட்டகைக்கு வந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருமே டைல்ஸ் கடைக்கு வழி கேட்டவர்கள்.

போதாக்குறைக்கு, தளத்தை வைத்திருக்கும் கம்பெனி பழைய முறையில் செய்த எதுவும் இந்த மாதக் கடைசிக்கு மேல் ஓடாது என்று சொல்லிவிட்டது. அதற்குள் புது மென்பொருளுக்கு மாற்றாவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். இருப்பதோ ஆறு நாள்.

மாற்றித் தருகிறோம் என்று ஏற்கெனவே இரண்டு பேர் இழுத்தடித்துக் கம்பி நீட்டியிருந்தார்கள். இவள் மூன்றாவது. மருமகள் பிடித்துக் கொடுத்த ஆள். எல்லாம் போனிலேயே. முகம் பார்த்ததில்லை.

“படத்தைப் பார்த்தாலே கதவுன்னு தெரியுதே. அதை வேற எதுக்கு எழுதணும்?”

“பழசுல படத்தை மட்டும் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. இப்போ முறை மாறிடுச்சு ஐயா. ஒவ்வொரு படத்தோடயும் அது என்னன்னு எழுத்துலயும் இருக்கணும். சும்மா கதவுன்னு எழுதினா, எழுபத்திரண்டும் ஒரே கதவாயிடும்ல.”

வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தார். “தேக்கு. ரெட்டைக் கதவு. ஏழடி. மேல திராட்சைக் கொத்து செதுக்கியிருக்கு, அதுல ஒரு பழம் உடைஞ்சு போச்சு. இடது பக்கம் கீழே கரையான் அரிச்ச ஓட்டை. மரத்தூள் வெச்சு அடைச்சு பாலிஷ் போட்டிருக்கேன், படத்துல தெரியாது. அதை எழுதாதே.”

“எழுதிட்டேன்.”

“அழி.”

“வாங்கினவங்க திருப்பித் தூக்கிட்டு வந்தா நீங்கதான் இறக்கணும். இருக்கட்டும் ஐயா. பதினெட்டு?”

நான்காம் நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“ஒரு படத்தைக்கூட அவளாப் பார்த்துச் சொல்லலை,” என்றார் மருமகளிடம். “என்னைப் பேசவிட்டுட்டு அங்கே அவ என்ன செய்யறாளோ. இதுவும் ஏமாத்து வேலைதான்.”

“நேர்ல போய்த்தான் பாருங்களேன் மாமா. உங்க புலம்பலை எத்தனை நாள் நான் ஒருத்தியே கேக்கறது?”

முகவரியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். இரண்டாவது மாடி, கடைசி அறை. கதவு திறந்திருந்தது. மட்டமான பிளைவுட் என்பதைப் போகிற போக்கில் கவனித்துக்கொண்டார்.

உள்ளே ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தாள். காதில் ஹெட்போன். எதிரே இருந்த திரை கன்னங்கரேலென்று அணைந்து கிடந்தது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

“திரையையே போடாம யாருக்கும்மா பூச்சுத்தறே?” அவர் குரலில் மாடிப்படி அதிர்ந்தது. “நீ கிழிச்சது போதும். இன்னும் ரெண்டு நாள் இருக்கு, நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

ஹெட்போனைக் கழற்றினாள். பதறவில்லை. “கதவுக்கார ஐயாவா? உள்ள வாங்க. வேற ஆள்கிட்ட குடுக்கறதா இருந்தாலும், இதைப் பார்த்துட்டுக் குடுங்க.”

மேசையிலிருந்த செல்போனை எடுத்து நீட்டினாள். அவருடைய தளம். விரலால் தள்ளத் தள்ளக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திரை நிறைய வந்து நின்றன. எழுத்து எதுவும் ஓரத்தில் ஓடி ஒளியவில்லை. உடைந்த திராட்சை கூடத் தெரிந்தது.

“அறுபத்தெட்டு முடிஞ்சுது. நாலுதான் பாக்கி.”

கதவுக்காரர் செல்போனையும் அணைந்து கிடந்த திரையையும் மாறி மாறிப் பார்த்தார். “இதைப் போடாம எப்படிம்மா செஞ்சே?”

“போட்டா கரண்டுதான் ஐயா செலவு. கம்ப்யூட்டரே வாசிச்சுச் சொல்லும், எனக்கு எல்லாம் காது வழியாத்தான். நில்லுங்க, நாற்காலி கொண்டு வரேன்,” என்று எழுந்தவள், மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே போய்ச் சுவரில் சாய்த்திருந்த வெள்ளைக் கோலை எடுத்தாள்.

அவர் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நேத்து அம்பத்தோராம் நம்பரை நீலம்னு சொன்னேன்ல, அது நீ படத்தைப் பார்க்கறியா இல்லையான்னு தெரிஞ்சுக்கச் சொன்ன பொய்,” என்றார் தரையைப் பார்த்தபடி. “பச்சைம்மா. திருத்திட்டு அடுத்ததைக் கேளு.”