வெண்ணெய் வாசனை

"பேசாம கொஞ்சம் கெடுத்துடு," என்றாள் ஷோனா, சோபாவில் காலை மடக்கிக்கொண்டு. "நல்லா வந்துட்டா அந்த ஆளு அடுத்த மாசம் எதுக்குடி வரப்போறான்?"

எல்ஸ்பெத் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவருக்கு நான் கெட்ட பீர் குடுக்க மாட்டேன்க்கா."

டண்டீயில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கத்தில் அவள் சேர்ந்தது போன இலையுதிர் காலத்தில். 'லைட்' என்கிற மெல்லிய பீரைக் காய்ச்சப்போவதாகச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நாலு டம்ளர் குடித்தாலும் போதை ஏறாத அந்தப் பழைய ஏல் பீருக்காக யாராவது இத்தனை பாடுபடுவார்களா என்று கேட்டார்கள்.

ஃபெர்கஸ் மட்டும் சிரிக்கவில்லை. சங்கத்தில் அவன் ஒருவன்தான் லைட் காய்ச்சுகிறவன். பலமான பீரில் தப்பு ஒளிந்துகொள்ளும், லைட்டில் ஒளிய இடமே கிடையாது என்றான். ருசி சரியாக வரும்வரை தானே வந்து பார்த்துச் சொல்வதாகவும் சொன்னான்.

அப்படியே மாதம் ஒரு சனிக்கிழமை, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் வந்தான். ஒரு வாய் குடிப்பான், கண்ணை மூடுவான். வெண்ணெய் வாசனை லேசாக அடிக்கிறது, குளிரில் ஈஸ்ட் பாதி வேலையில் தூங்கிவிட்டது, இன்னொரு தடவை காய்ச்சிப் பாருங்கள் என்பான். ஓட்ஸ் பிஸ்கட்டும் சீஸும் தின்றுவிட்டு, மழையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போய்விடுவான். பஸ் திரும்பி மறையும்வரை அவள் ஜன்னலில் நிற்பாள்.

பீப்பாயை ஹீட்டர் பக்கம் நகர்த்திப் பார்த்தாள். கூடுதலாக ஒரு வாரம் விட்டுப் பார்த்தாள். ஈஸ்ட்டை மாற்றினாள். அவள் நாக்குக்கு ஒருமுறைகூட வெண்ணெய் தட்டுப்படவில்லை. தன் நாக்குத்தான் சரியில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டாள்.

அவன் வருவது ஏலுக்காகவா, வேறு எதற்காகவாவதா? அதைக் கேட்கத்தான் அவளுக்கு வாய் வரவில்லை.

"நீயே கேட்டுத் தொலையேன்," என்றாள் ஷோனா.

"இல்லன்னு சொல்லிட்டா?"

அழைப்பு மணி அடித்தது. நனைந்த கோட்டோடு ஃபெர்கஸ் நின்றான்.

"வாங்க நீதிபதி," என்றாள் ஷோனா. "இன்னிக்காவது என் தங்கச்சிக்கு விடுதலை உண்டா?"

அவன் காது சிவந்தது. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

எல்ஸ்பெத் உள்ளேயே ஊற்றி எடுத்து வந்தாள். டம்ளரை நீட்டியபோது நுரை அவள் விரலில் வழிந்தது. நன்றாக இருக்கிறது என்று இன்று அவன் சொல்லிவிட்டால், அடுத்த மாதச் சனிக்கிழமை என்று ஒன்று கிடையாது. அதை நினைத்து நினைத்து அவள் சரியாகத் தூங்கிப் பல நாளாகிவிட்டது.

அவன் குடித்தான். கண்ணை மூடினான். வழக்கத்தைவிட நேரமாயிற்று.

"முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை," என்றான், டம்ளரையே பார்த்தபடி. "ஆனா அந்த வெண்ணெய் வாசனை... இன்னும் போகல. கொஞ்சூண்டு இருக்கு."

ஷோனா கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

எல்ஸ்பெத் அவன் முகத்தையே பார்த்தாள். "அப்ப இன்னொரு தடவை காய்ச்சணும்ங்கிறீங்க."

"காய்ச்சினா நல்லது. நான் வந்து பாக்கறேன்." அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா."

"ஒரு சிரமமும் இல்ல," என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் எடுத்து வர அவள் அடுப்பங்கரைக்குள் போனாள். அவள் காய்ச்சிய லைட் இருந்த பாட்டில் மூடிகூடத் திறக்காமல் மேடையில் நின்றது. அதன் பக்கத்தில் இருந்த காலி பாட்டிலை, அவன் கண்ணில் படாதபடி சிரித்துக்கொண்டே அலமாரிக்குள் தள்ளினாள்: போன வாரம் சங்கப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய, ஃபெர்கஸ் தன் கையாலேயே காய்ச்சிய லைட்.