நானூறு மீட்டருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்

"ஆறு பாய் போடுற அறைக்கு இருநூறு வாட்டா? ஓடெல்லாம் பறந்துடும், ஐயா!"

இனோகுமா வாய்விட்டுச் சிரித்தார். நாகோயாவின் ஓசு கடைத்தெருவில் முப்பது வருஷமாகப் பழைய ஆடியோ பெட்டிகள் விற்கிறவர். இப்படி ஒரு ஆளை அவர் பார்த்ததில்லை.

"அறைக்கு இல்லைங்க, முதலாளி. சத்தம் வெளியே போகணும்."

எதிரே நின்றவர் பெயர் மகாபே. எழுபதைத் தாண்டியவர். தொக்கோநாமேயிலிருந்து காலை ரயிலில் வந்திருந்தார். மட்பாண்டச் சூளைக்குள் கையை விட்டு விட்டு மரத்துப்போன விரல்கள். வீட்டில் இருக்கும் பழைய செட்டோடு சேர்க்கத் தனியாக ஒரு பவர் ஆம்ப்ளிஃபயர் வேண்டுமாம். ஒரு மணி நேரமாக எதைக் காட்டினாலும் 'போதாது' என்கிறார்.

"ஸ்பீக்கர் எப்படி?"

"அரிசிப் பெட்டி மாதிரி ரெண்டு. கல்யாணமான வருஷம் வாங்கினது. ஃபிரிட்ஜ் வாங்க வெச்சிருந்த போனஸ்ல."

"வீட்டம்மா விளக்குமாத்தைத் தூக்கலையா?"

"அவதான் ஸ்பீக்கரோட மறுபக்கத்தைத் தூக்கினா. மாடிப்படி ஏறினதும் மூச்சு வாங்க அது மேலேயே உக்காந்துட்டா. அந்தக் கோடை முழுக்க மீனை அன்னன்னிக்கு வாங்கி அன்னன்னிக்கே தின்னோம். ஃபிரிட்ஜ் இல்லையே!"

இனோகுமாவுக்குத் தன் இருபது வயது ஞாபகம் வந்துவிட்டது. அப்போது அவருக்கு லேத் பட்டறையில் வேலை. போனஸ் மாதம் வந்தால், நகத்து எண்ணெய் போகாத கையோடு இதே தெருவில் கடை கடையாக ஏறுவார். வாங்க வழியில்லை. கக்கத்தில் சொந்த இசைத்தட்டு ஒன்று இருக்கும். 'ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்க' என்பார். பெரிய ஆம்ப்ளிஃபயரின் நீல விளக்கில் முள் ஆடுவதைப் பார்க்க, அவரைப் போல நாலு பேர் பின்னால் நிற்பார்கள். ஒருவரும் பேசமாட்டார்கள்.

அந்த நீல முள் பெட்டி இப்போது அவருடையது. கடையின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தது. மகாபேயின் பார்வை அதில்தான்.

"அது விக்கிறதுக்கு இல்லை" என்றார் இனோகுமா. "சரி, எவ்வளவு தூரம் போகணும்?"

"நானூறு மீட்டர். எங்க ஜன்னல்லேர்ந்து ஆத்தங்கரை வரைக்கும்."

இனோகுமாவின் முகம் சுருங்கியது.

"பாட்டுக் கேக்குற பெட்டியை ஜன்னல்ல வெச்சு ஊருக்குக் கத்தவிடணுமா? வேற கடை பாருங்க."

மகாபே கோபித்துக்கொள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து நீட்டினார்.

"இதை அந்தப் பெட்டியில ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்க."

கையில் கொண்டுவந்ததைப் போட்டுக் காட்டாமல் திருப்பி அனுப்புவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. இனோகுமா முணுமுணுத்துக்கொண்டே அதோடு இணைத்திருந்த டெக்கில் கேசட்டைப் போட்டு, வேண்டுமென்றே ஒலியைக் கூட்டினார்.

முதலில் ஒரு காக்கை கத்தியது. பிறகு, தூரத்து ஒலிபெருக்கிக் கம்பத்திலிருந்து வருவதுபோல ஒரு மெட்டு. எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட மெத்தையை ஒரு பெண் அவசரமாக உருவினாள். தலைக்கு மேல் வெயில் அடிப்பதைப் பார்த்ததும் மெத்தையும் கையுமாக விழித்தாள்.

இனோகுமாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அட, சாயங்காலம் அஞ்சு மணிப் பாட்டு! விளையாடுற பிள்ளைங்களை வீட்டுக்குப் போகச் சொல்லி ஊர்க் கம்பத்துல போடுறது! இது எதுக்கு உங்களுக்கு?"

"எங்க ஊர்ல நிறுத்திட்டாங்க. புதுசா குடிவந்தவங்களுக்குக் காது வலிக்குதாம். எங்க கினு தினமும் ஆத்தங்கரைக்கு விளையாடப் போயிடறா. பாட்டுக் கேக்காம வரமாட்டேங்கறா. போன வாரம் இருட்டினப்புறம் இடுப்பளவு தண்ணியிலேர்ந்து தூக்கிட்டு வந்தேன்."

இனோகுமாவின் சிரிப்பு நின்றது.

"என்ன வயசு?"

"ஏழுன்னு சொல்றா."

"சொல்றாளா! நல்ல வாயாடிதான். காதைத் திருகி இழுத்துட்டு வர வேண்டியதுதானே? அவ அம்மாவை விட்டுக் கூப்பிடுங்க."

"அவங்க உயிரோட இல்லைங்க. 'பாட்டுக் கேட்டதும் வந்துடணும்'னு அம்மா சொல்லியிருக்காங்களாம். அது ஒண்ணைத்தான் பிடிச்சுக்கிட்டிருக்கா. நான் கூப்பிட்டா இன்னும் தூரமா ஓடறா."

இனோகுமா நீல முள் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"வாட் ரெண்டு மடங்கானா சத்தம் ரெண்டு மடங்கு ஆகாது. கொஞ்சூண்டுதான் கூடும். அதனால சின்னப் பெட்டியெல்லாம் வேண்டாம். இது ஆத்தைத் தாண்டியும் போகும். இருபத்தேழு கிலோ, பார்த்துத் தூக்குங்க. நானே வந்து மாட்டித் தர்றேன். இன்னைக்கு அஞ்சு மணிக்கு இது பாடியாகணும்."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கிழங்கள் இரண்டும் முனகிக்கொண்டே பெட்டியை வண்டியில் ஏற்றின.

தெருமுனையில் இனோகுமா வண்டியை நிறுத்தினார்.

"வெறுங்கையோட எப்படி வர்றது? பேத்திக்கு என்ன பிடிக்கும், சொல்லுங்க."

"இனிப்புப் பயறு வெச்சு மீன் உருவத்துல சுட்ட பணியாரம்" என்ற மகாபே, சற்றுத் தயங்கிச் சொன்னார். "ஆனா பேத்தி இல்லைங்க, முதலாளி. வர்ற ஏப்ரலோட எனக்கும் கினுவுக்கும் கல்யாணமாகி நாப்பத்தெட்டு வருஷம்."