வக்கீல் வீட்டு வாசல் குழாய்

"ஊருக்கு வந்ததே ஒரே ஒரு பொதுக் குழாய். அது எங்கே முளைச்சிருக்கு பாருங்க, வக்கீல் வீட்டு வாசல்ல!"

நகரசபைக் கூட்டத்தில் ஜவுளிக்கடைக்காரர் மேசையைத் தட்டினார்.

"ஊருக்கு உழைக்கிறதுன்னா சும்மாவா?" என்றார் மருந்துக்கடைக்காரர். "கோர்ட்டு வேலையை விட்டுட்டு, மூணு வருஷமா மனு மேல மனுவாப் போட்டு, கடைசியில வீட்டம்மாவுக்கு இடுப்பு நோகாம தண்ணி கொண்டு வந்துட்டாரே!"

சபை சிரித்தது. வக்கீலும் சிரித்தார். சட்டென்று கோபம் வருகிற மனிதரால் மூன்று வருஷம் மனுப் போட முடியுமா என்ன?

வெளியே ஜன்னலோரம், தெருக்கூட்டும் பெண் ஒருத்தி குமாஸ்தாவிடம் மெல்லக் கேட்டாள்.

"அண்ணே, குழாயைப் பிடுங்கிருவாங்களா? மறுபடியும் அந்தக் குட்டைத் தண்ணிதானா? போன கோடையில வாந்திபேதியில எங்க சந்துல ஏழு பிள்ளைங்க போயிடுச்சு. அதுல என் சின்னதும் ஒண்ணு."

"பொறும்மா," என்றார் குமாஸ்தா. அவருக்கு மட்டும் என்ன தெரியும்?

உள்ளே சத்தம் கூடியது.

"குழாயை உடனே மாத்தணும்!"

"தாராளமா மாத்தலாம்," என்று ஒரு காகிதத்தை நீட்டினார் வக்கீல். "ஜவுளிக்கடை ஐயா வாசல்லயே வச்சிடலாம். நல்லா அகலமான வாசல். என் வாசல்ல வைக்க நான் போட்டுக் கொடுத்த மாதிரியே இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்."

ஜவுளிக்கடைக்காரர் முகமெல்லாம் பல்லாகப் பேனாவை மையில் தோய்த்தார். வியாபாரி அல்லவா, படித்துப் பார்த்தார்.

'தெருக்கூட்டுகிறவர்கள், குப்பை வண்டிக்காரர்கள், அவர்கள் வீட்டார் யாவரும் என் வாசலில் தடையின்றித் தண்ணீர் பிடிக்கச் சம்மதிக்கிறேன்.'

பேனா அந்தரத்தில் நின்றது.

"அது வந்து... வாசல்லதான் வண்டிக் குதிரை நிக்குது. புது ஆளுங்களைப் பார்த்தா அது மிரளும்."

காகிதம் மருந்துக்கடைக்காரரிடம் போனது.

"எனக்கு ஆட்சேபணையே இல்லீங்க. வீட்டம்மாதான்..."

"அவங்களுக்கும் இடுப்பு நோகாம இருக்குமே?" என்றார் வக்கீல்.

"அவளுக்கு இடுப்பு நோவே கிடையாதுங்க!"

மூக்கு ஒழுகுகிற பிள்ளை மடிக்கு மடி தாண்டுகிற மாதிரி, காகிதம் மேசையைச் சுற்றி வந்து வக்கீலின் கையிலேயே விழுந்தது.

"அப்போ குழாய்?" என்று கேட்டார் வக்கீல்.

"அது பாட்டுக்கு அங்கேயே இருந்துட்டுப் போகட்டும்," என்றார் தலைவர் அவசரமாக.

ஜவுளிக்கடைக்காரருக்கு மனசு ஆறவில்லை. "அதுக்காக நியாயம்னு ஒண்ணு இல்லையா? நடந்தது தப்புன்னு குறிப்புல ஏறணும்!"

"பேஷா ஏத்துங்க," என்றார் வக்கீல்.

குமாஸ்தாவைக் கூப்பிட்டார்கள். அவர் எழுதினார்:

'பொதுக் குழாயைச் சுயநலம் கருதித் தம் வீட்டு வாசலில் வைத்துக்கொண்ட வக்கீல் அவர்களை இச்சபை வன்மையாகக் கண்டிக்கிறது. குழாயை இடம் மாற்ற வேண்டியதில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முதலில் கை தூக்கியவர், வக்கீல் அவர்கள்.'