கையால் எடுத்த விதை

பருத்திக்கொட்டை ஊறிய அண்டாவுக்குள் துழாவிய அவள் கை சட்டென்று நின்றது.

ஒரு கொட்டை விரலுக்குத் தடித்தது.

எடுத்துப் பார்த்தாள். கொழுத்த கொட்டை. கருங்கண்ணிப் பருத்தியின் கொட்டை இப்படி இருக்காது. அது சின்னது, ஒடுங்கினது.

இன்னொரு பிடி அள்ளினாள். பாதிக்குப் பாதி இருக்கும்போல.

பொறுக்கி மாளாது.

மதுரையில், பிரசவ ஆஸ்பத்திரிக்கு எதிரே நிற்கிறது அவளுடைய தள்ளுவண்டி. 'நாட்டுப் பருத்திப் பால்' என்று பலகை. காய்ப்புழு சாகட்டும் என்று மரபணுவை மாற்றின பருத்திதான் இப்போது எந்தக் காட்டிலும். அந்தக் கொட்டை வேண்டாம் என்கிறவர்கள், வழியில் இருக்கிற மற்ற வண்டிகளைத் தாண்டி இவளிடம் வருவார்கள்.

இவளும் விளாத்திகுளம் பக்கத்துச் சீனிராசுவைத் தவிர யாரிடமும் கொட்டை வாங்க மாட்டாள்.

அந்தச் சீனிராசுதான் வண்டியோரம் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார். இந்த வருஷத்துக் கடைசி மூட்டையை நேற்றுத்தான் இறக்கினார்.

கொட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எங்காட்டுது இல்ல தாயி! சுத்தி எல்லாரும் அதத்தான் போடுறாய்ங்க. ஆனா நம்ம செடி அதுககூட ஒட்டிக் கலக்காது. எத்தன வருசமாப் பாக்குறேன்."

"காட்டுல ஒட்டாதுண்ணே. கொட்டை எடுத்தது எங்க?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

எப்போதும் அவர் வீட்டம்மாதான், கையால் சுற்றுகிற சின்ன மிஷினில் பஞ்சைப் பிரித்துக் கொட்டை எடுப்பாள். இந்தத் தடவை அவளுக்கு மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. மில்லில் கொடுத்துப் பிரித்து வாங்கினார். அதற்கு முன்னால் யாருடைய பருத்தி அந்த மிஷினுக்குள் போனது என்று கேட்கவில்லை.

செடி கலக்காது என்கிற ஒரே தைரியம்.

வண்டிக்காரி கிரைண்டர் சுவிட்சில் விரலை வைத்தாள்.

வெல்லமும் சுக்கும் ஏலமும் விழுந்துவிட்டால் எந்த நாக்குக்கும் தெரியாது. அவளுக்கு அது தெரியாதா என்ன.

விரலை எடுத்துக்கொண்டாள்.

சீனிராசு தோள்பையைத் திறந்தார். ஒரு துணி முடிச்சு. விதைக்கும் முன்னால் அம்மன் சன்னதியில் வைத்து எடுத்துப் போகக் கொண்டுவந்தது.

"விதைக்குன்னு இத மட்டும் அந்த வீங்கின கையாலயே உக்காந்து எடுத்தா. சுத்தமானது. ஊறப் போடு தாயி. நாலு நாளு ஓட்டலாம்."

வாங்கினாள். கனத்தது. முடிச்சுக்குள் விரல் விட்டுப் பார்த்தாள். எல்லாம் சின்னது, ஒடுங்கினது.

நாலு நாள்.

முடிச்சை முன்னைவிட இறுக்கிக் கட்டி அவர் பையிலேயே திரும்ப வைத்தாள்.

தாய்ப்பால் ஊறட்டும் என்று வழக்கமாக வருகிற பிள்ளைக்காரி, மார்பில் துணியோடு சுருட்டிய பச்சைப்பிள்ளையும் கையில் தூக்குச்சட்டியுமாக ரோட்டைக் கடந்து வந்தாள்.

"இன்னிக்கு இல்ல ஆத்தா. கொட்டை கலந்துபோச்சு."

"நாளைக்கு வரட்டுமா யக்கா?"

"அண்ணன் இனிமேத்தான் மழ பாத்து விதைக்கணும். மாசி கழியட்டும்."

"ஆத்தாடி! அதுவரைக்கும் கடையச் சாத்திருவியா?"

"எதுக்குச் சாத்துறேன்? உளுந்தங்கஞ்சி காய்ச்சுவேன். பலகைய மட்டும் கழட்டி வச்சுருவேன்."

"மாசிக்குள்ள இவன் சோத்துக்கு வந்துருவானே யக்கா!" பிள்ளைக்காரி சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, துணிக்கு வெளியே நீண்டிருந்த அந்தச் சின்னப் பாதத்தை வண்டிக்காரி பிடித்தாள்.

"வரட்டுமே. அப்ப அவனுக்கே ஒரு டம்ளர் ஊத்துறேன்."

சீனிராசு பையை மார்போடு அணைத்துக்கொண்டு கிழக்கே வானத்தைப் பார்த்தார்.

ஒரு பொட்டு மேகமில்லை.