கிந்தா புலிக்கு ஒரு பதில்

“திட்டுன வார்த்தைய எப்படிப்பா திருப்பி எடுக்கிறது?” என்று மகள் ஏஞ்சலா ஒருமுறை கேட்டபோது ரோய்ஸ்டன் பேச்சை மாற்றினான்.

ஈப்போவில், பிறருக்கு ராப் எழுதி இசையமைத்துப் பிழைக்கும் அவனிடம் ராப் பாடகன் லயனல் அழாத குறையாக வந்தான்.

“முகமூடி போட்டு, குரல மாத்திப் பாடுறானே கிந்தா புலி! ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன எங்கம்மாவக்கூட திட்டாம விடலலா. அதுக்கப்புறம் எனக்கு மேடையே இல்ல. சனிக்கிழம நடக்குற ராப் போட்டிதான் கடைசி வாய்ப்பு. அவன முடிக்கிற மாதிரி எழுதிக் குடு மச்சான்.”

ரோய்ஸ்டன் எழுதினான். புலியின் முதல் பாட்டே இறந்த நண்பனிடம் திருடியது என்பதையும் சேர்த்தான்.

லயனல் மிரண்டான். “ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல மட்டும் சொல்ற விஷயம்லா இது! ஒனக்கெப்படித் தெரியும்? இதோட அவன் காலி.”

“நீ பாடு. காசு வேணாம்.”

லயனல் போனதும் ரோய்ஸ்டன் கதவைத் தாழிட்டு, கிந்தா புலியாகத் தான் பாடியவற்றை இணையத்திலிருந்து அழிக்கத் தொடங்கினான். லயனலின் அம்மாவைத் திட்டியதை முதலில்.