பெட்டிக்குள் முளைத்த புல்

ரங்கூனில், தின்கன்ஜூன் பேட்டைக்கு அப்பால் உள்ள மான் பண்ணை ஆபீசில், ஜெனரேட்டரின் தடதடப்புக்கு மேஜையோடு சேர்ந்து கமாலுத்தீனின் பல்லும் ஆடுகிறது. புயல் வெள்ளம் வடிந்து மூன்று வாரமாகியும் புல்வெளி உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கிறது. இருக்கிற தீவனத்துக்கு எத்தனை மான் தாங்கும் என்று சொல்லும் கணிப்பொறிக் கணக்கைப் போட்டவன் அவன்தான். அதற்காகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டவனும் அவன்தான். நாளுக்கு எண்பது வீசைப் புல், தலைக்கு இரண்டு வீசை. நாற்பதுதான் பிழைக்கும் என்கிறது திரை. பண்ணையில் நிற்பவை அறுபது. திரை சொல்வதை மட்டுமே நம்பும் முதலாளி, மிச்சத்தைக் கறிக்கு ஏற்ற நாலு மணிக்கு லாரி வரச் சொல்லியிருக்கிறார். மணி மூன்றே முக்கால். கமாலுத்தீன் எண்பதை அழித்துவிட்டு நூற்றிருபது என்று தட்டுகிறான். உடனே, அறுபதும் பிழைக்கும் என்கிறது திரை. அவன் பேச்சை மறுக்காமல் நம்பும் ஜீவன் ரங்கூனில் இது ஒன்றுதான்.

தீவனம் வைக்கும் ரத்தினம்மாள் வெறுங்கூடையோடு வாசலில் வந்து நிற்கிறாள். பர்மிய வழக்கப்படி அவனுக்குக் ‘கோ’, அவளுக்கு ‘மா’ என்பதுதான் இருவருக்குள் மரியாதை. “கோ கமால், பெட்டி என்னா சொல்லுது?”

“அறுபதும் பொழைக்குமாம், மா ரத்தினம்.”

அவள் திரையை எட்டிப் பார்க்கிறாள். “நூத்தி இருபது வீசையா? நாப்பது வீசை பெட்டிக்குள்ளயே மொளைச்சிருச்சா? அருவா எடுத்தாறேன், எந்தப் பக்கமா அறுக்கணும்னு காட்டுங்க.”

சிரிக்கப் பார்க்கிறான், வாய் கோணிக்கொள்கிறது. சன்னலுக்கு வெளியே ஒரு நொண்டிப் பெண்மான், அந்தக் கணிப்பொறி வந்திறங்கிய அட்டைப்பெட்டியைக் கிழித்து, கண்ணை மூடி, ருசித்து மென்றுகொண்டிருக்கிறது. தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்கிறது. அட்டை எத்தனை வீசை தேறும் என்று கமாலுத்தீன் மனசுக்குள் நிறுத்துப் பார்க்கிறான்.