எடுத்த எடுப்பிலேயே

அமாவாசைப் படையல் சோற்றை மதில்மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டார் உள்ளே போனார்கள். செத்துப்போன கதிரேசன் காகமாக வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசலில் அவர் வளர்த்த நாய் பிஸ்கோத்து, எலும்பும் தோலுமாய்த் தெருமுனையைப் பார்த்தபடி கிடந்தது. காகத்துக்கு மனசு கேட்கவில்லை.

"டேய் பிஸ்கோத்து, நான்தாண்டா உன் ஐயா! செத்துக் காக்காயா வந்திருக்கேன்."

நாய் சீறி எழுந்தது. "சோத்துக்காக என்ன வேணா சொல்லுவியா? ஐயா ஊருக்குப் போயிருக்காரு."

"இல்லடா, மழையில சாக்கடையில கிடந்த உன்னைச் சட்டைக்குள்ள வச்சுத் தூக்கிட்டு வந்தேனே..."

குரைத்த குரைப்பில் அது நாயின் காதில் விழவேயில்லை.

அந்த மழையை முதலில் சொல்லியிருக்கக் கூடாதா என்று காகம் தன்னையே நொந்துகொண்டது. சட்டைக்குள் நடுங்கிய கதையைக் கேட்டதும் நாயின் வால் தானாக ஆடியிருக்கும். "நீ யாரு?" என்று நாயே கேட்டிருக்கும். இப்போது அலகைத் திறந்தாலே பாய வருகிறது.

சோற்றைத் தொடாமல் காகம் பறந்தது. பின்னாலேயே நாயின் குரல் வந்தது.

"ஐயா வரட்டும், உன்னைச் சொல்லிக் குடுக்கிறேன் பாரு!"